மீன்தொட்டி மாஸ்: லேபிளில் ஒரு பெயர், கவருக்குள் இன்னொன்று

ஜாவா, கிறிஸ்துமஸ், வீப்பிங், தைவான், ஃபிளேம், பீக்காக், ஸ்பைக்கி. மீன்தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் கடையிலும் ஆன்லைனிலும் அடிக்கடி பார்க்கும் மாஸ் (கட்டையிலும் கல்லிலும் படரும் குட்டிப் பச்சைச் செடி) பெயர்கள் இவை. ஜாவாவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை. ஆனால் வாங்கிய அன்று கவரைப் பிரித்துக் கொட்டினால் எல்லாமே ஒரே பச்சைச் சிக்கல்தான். இது எந்தக் கடையைப் பற்றிய மதிப்புரையும் இல்லை, சரக்கைப் பற்றியது. எந்தப் பெயருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், கொடுத்தபின் வந்திருப்பது அதுதானா என்று எப்படிப் பார்ப்பது, எதற்குக் கொடுத்தால் வீண் என்பதுதான் விஷயம்.

பெயர்க் குழப்பத்துக்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஜாவா மாஸுக்கே பல பத்தாண்டுகளாக வெசிகுலேரியா டூபியானா என்ற தவறான தாவரப்பெயர்தான் புழக்கத்தில் இருந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய மாஸ் ஆய்வாளர் பெனிட்டோ டான், 2000-களின் நடுவில் தொட்டி மாஸ்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைகளில் ஜாவா என்று விற்பது டாக்ஸிஃபில்லம் பார்பியேரி என்றும், உண்மையான டூபியானா சிங்கப்பூர் மாஸ்தான் என்றும் அப்போதுதான் தெளிவானது. கிறிஸ்துமஸ் மாஸ் வெசிகுலேரியா மாண்டேக்னி, வீப்பிங் மாஸ் வெசிகுலேரியா ஃபெரியி, தைவான் மாஸ் டாக்ஸிஃபில்லம் ஆல்டர்னன்ஸ். ஃபிளேம், பீக்காக், ஸ்பைக்கி மூன்றும் டாக்ஸிஃபில்லம் என்ற பேரினப் பெயரோடு, அதாவது தாவரப்பெயரின் முதல் சொல்லோடு, நிற்கின்றன, இனப்பெயர் இல்லாமலேயே விற்பனையாகின்றன.

ஆக, இத்தனை பெயர்களும் பெரும்பாலும் இரண்டே பேரினங்களுக்குள் அடக்கம். வந்தது எந்தப் பேரினம் என்று தெரிந்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது. அதற்கு ஐந்து நிமிட வேலையும் 100 மடங்கு பெரிதாக்கும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் போதும். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் கடையில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது என்ன?

தெரிவது குறைவு. காரணம், விற்பனைக்கு வரும் மாஸில் கணிசமானது நீருக்கு வெளியே, ஈரப்பதம் நிறைந்த கூடாரங்களில் வளர்க்கப்பட்டது. அப்படி வளர்ந்த கிறிஸ்துமஸ் மாஸ் தட்டையாகத் தரையோடு படர்ந்திருக்கும், கிளை ஒழுங்கு அவ்வளவாகத் தெரியாது. நீரில் வளர்ந்த மாஸிலும் ஒரு சிக்கல் உண்டு: வெளிச்சம் குறைந்தால் கிறிஸ்துமஸ், தைவான் இரண்டுமே நீண்டு மெலிந்து, கிளைகளுக்கு இடையில் இடைவெளி விட்டு, ஜாவா மாதிரியே ஆகிவிடும். எனவே கடைத்தொட்டியில் பார்த்த வடிவத்தை வைத்து 'இது ஜாவாதான், ஏமாற்றுகிறார்கள்' என்று முடிவுகட்டுவதும் தவறு, 'இது கிறிஸ்துமஸ்தான்' என்று நம்பிப் பணம் கொடுப்பதும் தவறு. மிதமான வெளிச்சத்தில், நீருக்கடியில், புதிதாக வந்த ஒரு அங்குல நுனியைத்தான் பார்க்கவேண்டும். வீட்டில் அது வர ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ஆகும். பழைய பகுதி எப்படியிருந்தாலும் அதை வைத்து எதுவும் சொல்லமுடியாது.

புது நுனி வந்தபின் ஒவ்வொன்றும் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம்.

ஜாவாவில் கிளைக்கு ஒழுங்கே கிடையாது. ஒரு தண்டு வலப்பக்கம் இரண்டு கிளை விடும், இடப்பக்கம் ஒன்றும் விடாது, திடீரென்று மேல்நோக்கிப் போகும். இலை ஒடுங்கி நீண்டு, கூர்நுனி படிப்படியாகச் சரிந்து முடியும். ஒரு கைப்பிடி ஜாவாவை ஒரு மாதம் வெட்டாமல் விட்டால் எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த ஒழுங்கின்மைதான் அதன் அடையாளம்.

கிறிஸ்துமஸில் நடுத்தண்டின் இருபக்கமும் கிளைகள் சீரான இடைவெளியில் கிளம்பும். அடிக்கிளை நீளம், மேலே போகப்போகக் குட்டை, ஆக ஒவ்வொரு நுனியும் ஒரு முக்கோணம். அந்த முக்கோணங்கள் கீழ்நோக்கித் தொங்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக விழும். இலை கிட்டத்தட்ட வட்டம் அல்லது அகன்ற முட்டை வடிவம், நுனியில் மட்டும் திடீரென்று ஒரு சிறு முள். 10 மடங்கு லென்ஸில் இந்த இலை வடிவம் நன்றாகவே தெரியும். ஜாவாவையும் கிறிஸ்துமஸையும் பிரிக்க இது போதும், மைக்ரோஸ்கோப் தேவையில்லை.

சிக்கல் தொடங்குவது தைவான் மாஸில். அதுவும் முக்கோணம், அதுவும் சீரான கிளை. கிறிஸ்துமஸ் வளைந்து தொங்கும், தைவான் சற்று நிமிர்ந்து சாய்வாக நீளும் என்பார்கள். நல்ல தொட்டியில் இது உண்மை. பிறந்து இரண்டு வாரமான மாஸில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே தடுமாற்றம். கடையில் தைவான் என்ற பெயருக்குத் தனி விலை வைத்தால், கிறிஸ்துமஸே போதும் என்று வந்துவிடலாம். தொட்டியில் காட்சிக்கு ஒரே வேலையைத்தான் இரண்டும் செய்யும்.

சிங்கப்பூர் மாஸ், அதாவது உண்மையான டூபியானா, கிறிஸ்துமஸுக்கு நெருங்கிய உறவு. இலை அதைவிட ஒடுக்கம், நுனி திடீரென்று முடியாமல் மெல்ல மெல்லக் கூராகிப் போகும். கிளையும் அவ்வளவு சீராக இருக்காது. மேலோட்டமாகப் பார்த்தால் ஜாவா என்றே தோன்றும், ஆனால் பேரினம் வேறு என்பதால் மைக்ரோஸ்கோப்பில் இலையின் செல்களைப் பார்த்ததும் மாட்டிக்கொள்ளும்.

வீப்பிங் மாஸுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், ஏனென்றால் அதன் குணம் வேறு எதிலும் வராது. மரக்கட்டையின் கிளையில் கட்டினால் நுனிகள் எல்லாம் நேராகக் கீழ்நோக்கித் தொங்கும். ஆனால் இது கட்டையை இறுகப் பற்றாது. பருத்தி நூலில் கட்டினால் நூல் மக்கிய பிறகு கொத்தாகக் கழன்று மிதக்கும். மெல்லிய நைலான் தூண்டில் நரம்பில் கட்டவேண்டும், அல்லது ஜெல் வகை சூப்பர் க்ளூவில் புள்ளி புள்ளியாக ஒட்டவேண்டும். கிடைமட்டமான பரப்பில் வைத்தால் தொங்க இடமில்லாததால் கிறிஸ்துமஸ்போல் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு 'வேறு மாஸ் கொடுத்துவிட்டார்கள்' என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

ஃபிளேம் மாஸின் அடையாளம், தண்டுகள் முறுக்கிக்கொண்டு நேர்மேலாக எழுவது. ஒரு வரிசையாகக் கட்டினால் உண்மையிலேயே அழகு. மெதுவாக வளரும். கூட்டத்தில் ஒரே ஒரு ஜாவா நுனி கலந்திருந்தாலும் ஆறு மாதத்தில் ஜாவாதான் மிஞ்சும். ஃபிளேம் வாங்குவோர் முக்கியமாகப் பார்க்கவேண்டியது இந்தக் கலப்பைத்தான். வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, மாஸைப் பரப்பி, முறுக்கில்லாமல் பக்கவாட்டில் கிளைத்துப் போகும் நுனிகளை ட்வீசரால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடவேண்டும். ஒரு கப் மாஸுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். அதைச் செய்யாமல் கட்டினால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய ஃபிளேம் கடைசியில் ஜாவாவாக வந்து நிற்கும்.

பீக்காக், ஸ்பைக்கி இரண்டையும் நம் ஊர்த் தொட்டிகளுக்குப் பரிந்துரைக்கமாட்டோம். ஸ்பைக்கி மற்றவற்றைவிடப் பெரிதாக, விறைப்பாக வளரும் என்பதால் அடையாளம் காண்பது எளிது. பீக்காக்கின் விசிறி வடிவம் குளிர்ந்த நீரில்தான் வரும். சென்னை, மதுரை வீடுகளில் கோடைக்காலத்தில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. அந்தச் சூட்டில் ஜாவா தாக்குப்பிடிக்கும், கிறிஸ்துமஸ் சமாளிக்கும், பீக்காக் உள்ளிருந்து பழுப்பேறிப் பிய்ந்துபோகும். நீர்ப்பரப்பின்மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அதுகூடக் குறையாது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம்.

இனி மைக்ரோஸ்கோப். மாஸ் இலையில் ஒரு பெரிய வசதி: அது பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான். சீவவேண்டாம், சாயம் போடவேண்டாம். இலையைப் பிரித்துத் தண்ணீரில் படுக்கவைத்தாலே செல்கள் தெரியும்.

புது நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, ஓடும் நீரில் அலசுங்கள். ஸ்லைடில் ஒரு துளித் தண்ணீர் விட்டு அதில் வைத்து, தண்டின் நுனியை ஒரு ட்வீசரால் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் இலைகளை அடிப்பக்கமாக, அதாவது வளரும் திசைக்கு எதிராக, உரியுங்கள். மேல்நோக்கி இழுத்தால் இலை பாதியில் கிழியும், அடிப்பகுதி தண்டிலேயே தங்கிவிடும். ஐந்தாறு இலை வந்ததும் தண்டை எடுத்துவிடுங்கள். கவர் கிளாஸை ஒரு ஓரத்தை முதலில் தொடவைத்துச் சாய்வாக இறக்கினால் குமிழி வராது. குமிழி பிடிவாதமாக நின்றால் தண்ணீரோடு பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு துளி கலந்து விடலாம். முதலில் 40 மடங்கில் இலையின் முழு வடிவத்தைப் பாருங்கள், பிறகு 100 மடங்குக்குப் போய் இலையின் நட்டநடுவே பாருங்கள். நுனியிலும் அடியிலும் செல்கள் எப்போதும் வேறு மாதிரி இருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

நடுவே செல்கள் அகலமாக, அறுகோணமாகவோ சாய்சதுரமாகவோ, நீளம் அகலத்தைப்போல் இரண்டிலிருந்து ஐந்து மடங்குக்குள் இருந்தால் வெசிகுலேரியா. வைக்கோலை அடுக்கினாற்போல் ஒடுங்கி நீண்டு, நீளம் அகலத்தைப்போல் பத்து மடங்கு அளவில் இருந்தால் டாக்ஸிஃபில்லம். இரண்டும் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு வித்தியாசம். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. டாக்ஸிஃபில்லத்தில் இலை ஓரம் நெடுகச் சின்னச் சின்னப் பற்கள் இருப்பதும் கூடவே தெரியும். தைவானா கிறிஸ்துமஸா என்று கண்ணால் தீராத வழக்கு இங்கே ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது நடுநரம்பு. இந்த இரண்டு பேரினங்களிலும் இலைக்கு நடுநரம்பு கிடையாது, அல்லது அடியில் சின்னதாக இரண்டு கோடு மட்டும் இருக்கும். இலையின் பாதியைத் தாண்டி ஒற்றை நரம்பு தெளிவாக ஓடினால் அது ஜாவாவும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. ஸ்ட்ரிங்கி மாஸ் என்ற பெயரில் வரும் லெப்டோடிக்டியம் ரிபேரியமாக இருக்கலாம். நீளமான, நூல் போன்ற தண்டுகள் என்றால் சந்தேகம் வலுக்கும். ஃபீனிக்ஸ் மாஸ் எனப்படும் ஃபிஸிடென்ஸிலும் நரம்பு உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க நரம்பு வரை போகவேண்டியதில்லை: இலைகள் துல்லியமாக இரண்டு வரிசையில், ஒரே தளத்தில் நிற்கும், ஒவ்வொரு இலையின் அடியும் இரண்டாக மடிந்து தண்டையும் மேலிலையின் அடியையும் உறைபோல் கவ்வியிருக்கும். 10 மடங்கு லென்ஸிலேயே தெரிந்துவிடும். பெயர் ஏமாற்று மிகக் குறைவாக நடக்கக்கூடிய சரக்கு ஃபிஸிடென்ஸ்தான், வேறெதையும் அந்த வடிவத்துக்குக் கொண்டுவரமுடியாது. விலை அதிகம், வளர்ச்சி ஆமை வேகம், ஆனால் கொடுத்த காசுக்குச் சொன்ன பொருள் கிடைக்கும்.

வெசிகுலேரியாவுக்குள்ளேயே கிறிஸ்துமஸா, சிங்கப்பூரா, வீப்பிங்கா என்பதை செல்லை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. இலை வடிவமும் தொங்கும் விதமும் சேர்ந்துதான் சொல்லும். டாக்ஸிஃபில்லத்துக்குள் ஃபிளேமையும் ஜாவாவையும் பிரிப்பதும் அப்படியே: செல் ஒன்றுதான், வளரும் விதம்தான் வேறு. மைக்ரோஸ்கோப் பேரினத்தைச் சொல்லும், மீதியைத் தொட்டிதான் சொல்லவேண்டும்.

கருவி எது வாங்கலாம்? 10 மடங்கு மடக்கு லென்ஸ் கட்டாயம், சட்டைப்பையில் அடங்கும், விலையும் கம்மி. சென்னை கொளத்தூர் மாதிரி பெரிய வண்ணமீன் சந்தைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோகலாம். 20 மடங்கு லென்ஸ் இருந்தால், ஈர இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் வெசிகுலேரியாவின் பெரிய செல்கள் வலைக்கண்ணிகளாக மங்கலாகத் தெரியும், டாக்ஸிஃபில்லத்தில் எதுவும் தெரியாது. இது நல்ல கடைத்தந்திரம், ஆனால் கை நடுங்கக்கூடாது. போனில் மாட்டும் 60 மடங்கு கிளிப் வகைகள் மேலிருந்து வெளிச்சம் அடிப்பவை. மாஸ் செல் பார்க்க வெளிச்சம் அடியிலிருந்து வரவேண்டும். அந்தக் கிளிப்பை வாங்கியவர்கள் ஸ்லைடை வெள்ளை ஒளித்திரைமேல், அதாவது இன்னொரு போனின் வெள்ளைத் திரைமேல், வைத்துப் பார்த்தால் ஓரளவு ஒப்பேற்றலாம். ஆனால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து தெரியும். மூன்று நான்கு பேர் சேர்ந்து பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண மைக்ரோஸ்கோப் ஒன்றை வாங்கிக்கொள்வதுதான் உருப்படியான செலவு. 400 மடங்கு, 1000 மடங்கு என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம், மாஸுக்கு 100 போதும்.

விற்கும் வடிவங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கவரில் அள்ளிப்போட்டுத் தரும் உதிரி மாஸ் விலை மலிவு, கலப்பு அதிகம். கம்பிவலைத் தட்டில் கட்டி வருவது பார்க்க அழகு. ஆனால் மேலே நல்ல கிறிஸ்துமஸ், அடியில் ஜாவா என்று வருவதுண்டு, வலையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கவேண்டாம். ஆய்வகத்தில் கிருமியில்லாமல் ஜெல்லில் வளர்த்து, திசு வளர்ப்புக் கப்பில் வருவது மட்டும்தான் கலப்பில்லாதது. நத்தை, பாசி எதுவும் இருக்காது. ஆனால் கப்புக்குள் மாஸ் வெளிறி, மெலிந்து, உருவமே இல்லாமல் இருக்கும். எந்த மாஸாக இருந்தாலும் ஒரே மாதிரி தெரியும். கப்பைத் திறந்த அன்று எதையும் தீர்மானிக்கமுடியாது. ஜெல்லை நன்றாகக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள சர்க்கரையில் வெள்ளைப் பூஞ்சணம் கிளம்பும். கிண்ணத்தில் மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி, விரலால் பிசையாமல், ஆட்டி அலசுவதே சரி.

எந்த வடிவத்தில் வாங்கினாலும் கட்டும்போது கஞ்சத்தனம் தேவை. அடியிலுள்ள கட்டை ஆங்காங்கே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெல்லிய ஒரு அடுக்கு போதும். கனமாகக் கட்டினால் அடிப்பகுதி வெளிச்சம் படாமல் அழுகி, மேலே இருப்பதும் சேர்ந்து கழன்று வரும். மாஸின் மீது வரும் குற்றச்சாட்டில் பாதி இதனால் வருவது.

மாஸ் என்ற பெயரில் வரும் மாஸ் அல்லாதவை தனிக் கதை. மாஸ் பால் எனப்படும் பச்சை உருண்டை ஆல்கா வகைப் பாசி, ஏகக்ரோபிலா லின்னேயி. பெல்லியா என்று விற்பது மோனோசொலீனியம் டெனரம் என்ற ஈரல்செடி (லிவர்வொர்ட், மாஸின் தூரத்து உறவு), தண்டு இலை கிடையாது, தொட்டாலே ஒடியும். சுஸ்வாசர்டாங் என்பது லொமாரியோப்சிஸ் பெரணியின் இளம் பருவம். மினி பெல்லியா என்ற ரிக்கார்டியாவும் ஈரல்செடிதான். ரிக்சியா மிதக்கும், இரண்டிரண்டாகக் கவைத்துப் போகும். இவற்றில் எதையும் மாஸோடு குழப்பிக்கொள்ள வழியில்லை, ஒரு பார்வையில் தெரியும்.

கடைசியாக, மாஸோடு இலவசமாக வருவன. நத்தை வந்தால், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி படிகாரத்தூள் கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து அலசலாம். பெரும்பாலான நத்தைகள் செத்துப்போகும், முட்டைகள் தப்பிக்கலாம், எனவே ஒரு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நூல்பாசி இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும் முன் யோசிக்கவும். பாசியைக் கொல்லும் அளவு பல மாஸ்களையும் ஈரல்செடிகளையும் வெளுக்கவைத்துவிடும். தொட்டிச் செடிகளுக்கென விற்கும், குளூட்டரால்டிஹைடு கலந்த 'திரவ கார்பன்' பாட்டில்களுக்கும் இது பொருந்தும். தட்டில் பரப்பி ட்வீசரால் எடுப்பதே பத்திரம்.

அப்படிப் பரப்பும்போது மயிரிழை போன்ற பச்சைத் தண்டும், அதில் ஆங்காங்கே குண்டூசித் தலையைவிடச் சிறிய குமிழ்ப்பைகளும் தெரிந்தால், அது யூட்ரிகுலேரியா ஜிப்பா. பூச்சி பிடிக்கும் செடி. மீனுக்கு ஆபத்தில்லை, ஆனால் மாஸுக்குள் பின்னிக்கொண்டால் பிரிக்கவே முடியாது, ஒரு சென்டிமீட்டர் மிச்சமிருந்தாலும் மறுபடி பரவும். அந்தப் பகுதி மாஸை வெட்டித் தூக்கியெறிந்துவிடுவது நல்லது. கடைத்தொட்டியிலேயே அதைப் பார்த்தால் அங்கே எந்த மாஸும் வாங்கவேண்டாம், பெயர் சரியாக இருந்தாலும்.